ஆலங்காயத்துக்குத் தெரியும் முனீஸ்வரன்

எண்பதுகளின் ஆரம்பம், ஒரு ஆடி மாதம். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்ப்பு. அதற்குள் ஜவ்வாது மலை முனீஸ்வரனுக்கு வெள்ளிக் கண்மலர் வைத்துவிட்டு வா என்று ஒரே பிடிவாதம். ஆலங்காயத்தில் எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மலை விளிம்பில் வெள்ளையாய்த் தெரியுமே, அந்த முப்பதடிச் சிலைதான். ஊரே அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். "முகத்துக்கு நேரா வைடா, நம்ம ஊரப் பார்த்த மாதிரி" என்று இரண்டு கண்மலரையும் மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்தாள்.

வியாழன் காலை ஐந்தரைக்குத் திருப்பத்தூர் பஸ், ஒன்றரை ரூபாய். அங்கிருந்து புதூர்நாட்டுக்கு ஜீப், மூன்று ரூபாய். மண்ணெண்ணெய் டின்னுக்கும் ஒரு ஆட்டுக்கும் நடுவே இடம். இறங்கும்போது மணி ஒன்பதே கால். அப்புறம் நாலு மைல் நடை. புளியமரங்களைத் தாண்டினால் சாமைக் கொல்லை, அதைத் தாண்டினால் சிலை என்றார் டிரைவர் பாய்.

தாண்டினேன். எதிரே முனீஸ்வரன், மீசையும் அரிவாளுமாய் என்னையே முறைத்தார். எங்கள் ஊரைப் பார்த்து நிற்கிறார் என்றல்லவா நினைத்திருந்தோம். மலைப்பக்கமிருந்து வருகிறவனுக்கு முதுகுதானே தெரியவேண்டும்? இது வேறு சிலையோ என்று சுற்றி வந்தேன். பின்னால் பள்ளத்தில் எங்கள் ஊர், பொடிப்பொடியாய். அடக்கடவுளே, இத்தனை வருஷமாய் முதுகையா கும்பிட்டோம்!

கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பூசாரி சின்னத்தம்பி எழுந்து வந்தார். "இன்னா சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"காவலுக்கு நிக்கிறவன் வூட்டையா பார்ப்பான்? வெளியதான பார்ப்பான்."

"அப்ப யார்கிட்டயிருந்து காவல்? உங்ககிட்டயிருந்தா?"

"அது எனக்குத் தெரியாதுங்க" என்று சிரித்தார். "நாங்க முன்னாடிதான் வெப்போம். உங்கம்மாவ சரியா கேட்டுக்கினு வந்திருக்கலாம்."

அம்மா சொன்னது முகத்துக்கு நேராக, ஊரைப் பார்த்தும். இரண்டும் எப்படி? முன்னே போனேன், பின்னே போனேன். கடைசியில் (இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது) ஒரு கண்ணைக் கால்விரல் பக்கமும் இன்னொன்றைக் குதிகால் பக்கமும் வைத்தேன். "ஐயையோ, சோடிய பிரிக்காதீங்க" என்று பதறினார் சின்னத்தம்பி. மூன்று மணி ஜீப்பை விட்டால் அன்றைக்கு வேறு கிடையாது. அப்படியே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். வலது கண்ணில் பார்வை வந்தது. இடதில் வரவில்லை. நரம்பு முன்பே கெட்டிருந்தது என்றார் டாக்டர். இருக்கலாம். அம்மாவை மாடிக்குக் கூட்டிப்போனேன். ஒற்றைக் கண்ணைச் சுருக்கி மலையைப் பார்த்தவள், "என்னையே பார்க்கிறார்டா" என்றாள். அது முதுகும்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் போய்ச் சேரும்வரை சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: தண்ணீர் எடுத்துப் போங்கள், நடையில் எங்கும் கிடைக்காது. மூன்று மணி ஜீப் இப்போது உண்டா, தெரியாது. முன்னாலா பின்னாலா என்று கேட்காதீர்கள், எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் வையுங்கள். இரண்டையும் சேர்த்து வையுங்கள்.