கிணற்றடி வரை

வீதி திருத்தக் கொட்டிய கல்லுக் குவியல்கள் பொதுக் கிணற்றடியோடு நின்றுவிட்டன என்று அம்மாதான் வந்து சொன்னார். தலையில் இருந்த மீன் கடகத்தை இறக்காமலே, வேலிப் படலையடியில் நின்றபடி சொன்னார்.

"லொறி இஞ்சாலை வராதாம். தாளிலை அவ்வளவுதான் எழுதிக் கிடக்காம். ஓவசியர் சொல்லுறார்."

நான் கந்தோருக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். "துரவடிக்கு எண்டுதானே முடிவெடுத்தவை," என்றேன். முடிவெடுத்தது கிராமச் சங்கத்து உறுப்பினர்கள். அந்த முடிவைப் புத்தகத்தில் எழுதியது நான்.

கூட்டக் குறிப்பு எழுதும் சங்கத்து லிகிதர் நீண்ட சுகயீன விடுமுறையில் போயிருந்தார். அவருடைய கதிரையில் என்னைப் பதில் லிகிதராக இருத்தியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள், மகளான நான். ஐயா கடலுக்குப் போகிறவர். பெயரை மட்டும் எழுதுவார். அம்மா அதுவும் எழுதமாட்டார். எஸ்.எஸ்.சி. சித்தியடைந்தபோது ஐயா ஒரு ஊற்றுப் பேனை வாங்கித் தந்தார். கந்தோருக்குப் போகும்போது அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். பையில் வைத்தால் ஒருவருக்கும் தெரியாதே.

திருத்தவிருந்த ஒழுங்கை, எங்கள் சிறு தெரு, பெரிய வீதியில் தொடங்கிப் பொதுக் கிணற்றைத் தாண்டி, பிறகு ஒரு பெரிய பனங்காணியின் வேலியோரமாகப் போகும். வேலி முடிகிற இடத்தில் துரவு. கட்டுக் கட்டாத, சரிவில் இறங்கி அள்ளுகிற அகன்ற நீர்க்குழி அது. அதற்கு அப்பால் கடற்கரையோரம் எங்கள் பகுதி. கிணற்றுத் தண்ணீர் கோடையில் உவர்த்துவிடும் என்பதால் நாங்கள் குடிப்பது துரவுத் தண்ணீர்தான். மாரி வந்தால் கிணற்றுக்கும் துரவுக்கும் இடையில் முழங்கால் அளவு சேறு. சைக்கிளில் வரும் மீன் வியாபாரிகள் கிணற்றடியில் நின்றுகொண்டு, அதற்கு மேல் ஏலாது என்பார்கள். பெண்கள் கடகத்தோடு சேற்றில் இழுபட்டுப் போய்ச் சேருவதற்குள் பாதி வியாபாரிகள் திரும்பிவிடுவார்கள். நிற்பவர்கள் வாய்க்கு வந்த விலை சொல்வார்கள்.

அதனால்தான் எங்கள் வட்டாரத்து உறுப்பினர் கூட்டத்தில் எழும்பி, "துரவடி மட்டும் றோட்டைத் திருத்தித் தரவேணும்," என்று கேட்டார். எல்லோரும் கை உயர்த்தினார்கள். நான் எழுதினேன். பேச்சை எழுத்தாக்குவதுதான் என் வேலை என்று எனக்கு ஒரு எண்ணம். றோட்டை வீதி என்று எழுதினேன். மட்டும் என்பதை வரை என்று மாற்றினேன். துரவு என்பது எங்கள் கரைப்பக்கத்துப் பேச்சு, அரசாங்கத்துக்குப் போகிற தாளில் அது வெட்கம் என்று நினைத்து, கிணறு என்று எழுதினேன். "கிணற்றடி வரை." எழுதி முடித்துவிட்டு எழுத்தின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவிருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் அதை உரக்க வாசித்தேன். எங்கள் உறுப்பினர் அன்று இல்லை. முல்லைத்தீவுப் பக்கம் மீன்வாடி போட்டு அங்கேயே தங்கியிருந்தார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பனங்காணிக்காரரும் ஒரு உறுப்பினர்தான். கூட்டங்களில் கண்ணை மூடிக்கொண்டே இருப்பார். அன்று நான் வாசிக்கும்போது ஒருமுறை கண்ணைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். தலைவர் கையெழுத்திட்டார். அரசாங்கத்தின் பிரிவு அதிகாரியான காரியாதிகாரியின் ஊர்காவற்றுறைக் கந்தோருக்குப் பிரதி போனது.

அம்மா செய்தி சொன்ன அன்று கந்தோரில் என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை. அலுமாரியைத் திறந்து புத்தகத்தை எடுப்பேன், பார்ப்பேன், வைப்பேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் எடுப்பேன். சொல் அங்கேயேதான் இருந்தது. சவர அலகால் சுரண்டிவிட்டுத் துரவு என்று எழுத ஒரு நிமிடம் போதும். ஏன் செய்யவில்லை என்று கேட்டால், நேர்மை என்று சொல்லமாட்டேன். அப்போது எழுதியது நீல மை. இப்போது போத்தலில் இருந்தது கறுப்பு.

உறுப்பினர் வாடியிலிருந்து திரும்பி வந்து, முடிவை மறுபடி விசாரிக்கவேண்டும் என்று மனுக் கொடுத்தார். அந்த மனுவைப் பதிந்ததும் நான்தான். விசேட கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அதுவரை வீட்டில் கல்லைப் பற்றியே பேச்சு. எங்கள் பகுதி முழுவதும் அதே கதை.

"எங்களுக்கெண்டால் கிணத்தடியோடை நிப்பாட்டிப்போடுவாங்கள்," என்றார் ஐயா.

"கந்தோருக்குள்ளை எங்கடை பிள்ளை இருந்தும் என்ன பிரயோசனம்?" என்று மாமி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பேனையைப் பிடிச்சுக்கொண்டு திரியத்தான் சரி."

நான் எழும்பி வெளியே போனேன். கிணற்றடி வரை நடந்து, கல்லுக் குவியலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுநாளும் போனேன். எத்தனை தரம் போனேனோ தெரியாது.

விசேட கூட்டத்துக்குக் காரியாதிகாரி கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் வந்திருந்தார். எங்கள் பகுதிப் பெண்கள் வெளியே யன்னலடியில் நின்றார்கள். அம்மாவும் நின்றார்.

"நான் கேட்டது துரவடிக்கு," என்றார் எங்கள் உறுப்பினர். "எல்லாரும் கை உயர்த்தினவை."

பனங்காணிக்காரர் அன்று கண்ணைத் திறந்துதான் இருந்தார். "ஆர் என்ன கேட்டவை எண்டது காத்தோடை போச்சு. எழுத்திலை என்ன கிடக்குதெண்டு பிள்ளை வாசிக்கட்டும்."

வாசித்தேன். கிணற்றடி வரை.

"கேட்டியளே? அதுக்கு அங்காலை என்ரை காணி. றோட்டை அகட்டினால் என்ரை வேலிக்குள்ளை வரும். காணி உறுதி கொண்டுவந்தனான். பிள்ளை, உம்மடை வாசிப்பு நல்லாயிருக்கு, இதையும் வாசியும்."

மடிப்பு விட்டுப்போன பழைய உறுதிப் பத்திரம். எல்லைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். வடக்கு இன்னாருடைய காணி, கிழக்கு இன்னாருடைய காணி. தெற்கு என்று வந்ததும் அந்த வரியை மனதுக்குள் இன்னொரு தரம் வாசித்தேன்.

"வாசியும் பிள்ளை," என்றார் தலைவர்.

"தெற்கு, துரவுக்குப் போகும் பொது வழி."

உறுதி எழுதுகிற யாரோ ஒரு நொத்தாரிசு, நான் பிறப்பதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன், எந்த வெட்கமும் இல்லாமல் எழுதிவைத்திருந்தார். துரவு.

எங்கள் உறுப்பினர் சிரித்தார். "அண்ணை, உங்கடை உறுதியே எங்களுக்கு வழி விடுது. நீங்கள்தான் விடுறியள் இல்லை."

"வழி பொது வழிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லையே. ஆனால் சங்கம் முடிவெடுத்தது கிணத்தடிக்கு. எழுத்தெண்டால் எழுத்துத்தான்."

உத்தியோகத்தர் தலைவரிடம் கேட்டார், அன்று சொல்லப்பட்டது கிணறா துரவா என்று. தலைவர் மேசையைப் பார்த்தார். "கன நாளாச்சு. எனக்குச் சரியா ஞாபகமில்லை." மற்றவர்களைக் கேட்டார். ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒருவர் சால்வையைச் சரிசெய்தார். பனங்காணிக்காரரோடு பகைக்க அவர்களில் எவருக்கும் விருப்பமில்லை. இன்னும் கொஞ்சம் பேசாமல் இருந்தால் கூட்டம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. பதவியும் பேனையும் என்னிடமே இருக்கும். கல்லும் கிணற்றடியிலேயே இருக்கும்.

எழும்பினேன். எழும்பியபோது கதிரை பின்னால் விழுந்தது. அதை நிமிர்த்தவும் தோன்றவில்லை.

"துரவு எண்டுதான் சொன்னவை. கிணறு எண்டு மாத்தி எழுதினது நான்."

யன்னலடியில் நின்ற பெண்கள் கம்பிகளோடு நெருங்கி வந்தார்கள்.

"ஏன் பிள்ளை மாத்தினீர்?" என்று கேட்டார் உத்தியோகத்தர்.

"துரவு எண்டது பேச்சுச் சொல்லு எண்டு நினைச்சனான், ஐயா."

"தோட்டம் துரவு எண்டு நீர் பள்ளிக்கூடத்திலை எழுதேல்லையோ?"

எழுதியிருக்கிறேன். எத்தனை கட்டுரைகளில். தோட்டம் துரவோடு வாழ்ந்தார்கள் என்று எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அந்தத் துரவும் எங்கள் வீட்டுக்கு முன்னால் கிடக்கிற துரவும் ஒன்றுதான் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

"படிச்ச பிள்ளை எல்லோ," என்றார் பனங்காணிக்காரர். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

எழுதியவளே சொல்லிவிட்டதால் தலைவருக்கு ஞாபகம் திரும்பியது. குறிப்பைத் திருத்துவதென்று முடிவாகியது. ஆனால் லொறியும் ரோலரும் சனிக்கிழமை அடுத்த ஊருக்குப் போகின்றன. திருத்தம் வெள்ளி பின்னேரத்துக்குள் ஊர்காவற்றுறையில் கிடைக்காவிட்டால் இனி எப்போது என்று சொல்ல ஏலாது என்றார் உத்தியோகத்தர். அன்று வியாழன்.

வீட்டுக்குப் போகும்போது அம்மா எனக்கு முன்னால் நடந்தார். கிணற்றடியில், கல்லுக் குவியல் முடிகிற இடத்தில் நின்றார்.

"மாரியிலை கடகத்தோடை வந்தால், துரவடியிலையிருந்து இதுக்கு எவ்வளவு தூரம் எண்டு உனக்குத் தெரியுமே?"

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

"தெரியாது. பாடம் கெட்டுப்போம் எண்டு உன்னை நான் ஒருநாளும் கடகத்துக்கும் விடேல்லை, தண்ணிக்கும் விடேல்லை. பிழை என்ரையும்தான்." பிறகு, "துரவு எண்டதிலை அப்படி என்னடி குறை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறுநாள் விடிய நான் குடத்தை எடுத்தேன். அம்மா பறித்து வைத்தார். "நீ போய் அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய்க் குடு. தண்ணியை நான் பாப்பன்."

கடிதத்தை மூன்று தரம் எழுதி, தலைவரின் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கி, முதல் பஸ்ஸைத் தவறவிட்டு, இரண்டாவது பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போனேன். சுருவில் ஊரைத் தாண்டும்வரை நின்றுகொண்டே போனேன். இருக்க இடம் இருந்தது. கந்தோரில் ஒரு நீள மர வாங்கைக் காட்டி இருக்கச் சொன்னார்கள். இருப்பதும் எழும்புவதுமாகப் பின்னேரம் வரை காத்திருந்தேன். முத்திரை குத்துகிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் திரும்பினேன்.

சனிக்கிழமை லொறி பனங்காணி வேலியோரமாக உள்ளே வந்தது. கல்லும் கிறவலும் துரவடி வரை விழுந்தன. அந்த மாரியில் வியாபாரிகளின் சைக்கிள்கள் எங்கள் கரைக்கே வந்தன. அம்மா விலை பேசத் தொடங்கினார். பிடிக்காவிட்டால், "போம், இன்னொருத்தர் வருவார்," என்று சொல்லக்கூடியதாக இருந்தது.

என் பதில் லிகிதர் காலத்தைச் சங்கம் நீடிக்கவில்லை. காரணம் எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

திருத்தத்தில் தூரத்தை மட்டும்தான் திருத்தினார்கள். வீதிகளின் பட்டியல் என் முதல் குறிப்பைப் பார்த்து ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது. அதில் எங்கள் ஒழுங்கை கிணற்றடி வீதி. மாற்றக் கேட்டு இரண்டு தரம் எழுதினேன், பதில் இல்லை. இப்போது நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்குக் கடிதம் எழுதினால் உறையில் கிணற்றடி வீதி என்றுதான் எழுதவேண்டும். துரவடி என்று எழுதிய கடிதம் இரண்டு கிழமை சுற்றித் திரிந்துதான் போய்ச் சேர்ந்ததாம்.

அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு பதில் எழுதுவிக்கிறார். ஒவ்வொரு கடிதத்திலும் மேல் மூலையில், திகதிக்கு முன்னால், துரவடி என்றுதான் இருக்கிறது.