ஆயாவுக்கு வந்த புண்

சித்தப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். ஓரிடத்தில் உட்கார அவரால் முடியாது; ஸ்டியரிங் முன்னால் மட்டும்தான் அடங்கி இருப்பார். அந்த வாரம் அதுவும் போயிற்று. சிக்னலில் போன், பள்ளி வாசலில் போன், மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிடும்போதும் போன்.

“அதுக்கும் ஒரு தட்டு வச்சிடட்டுமா?” என்றார் சித்தி.

சித்தப்பா சிரிக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு என்னிடம் போனை நீட்டினார். காலில் சின்னப் புண், வலி இல்லை, ஆபத்தா என்று தமிழில் தேடியிருந்தார். வலியோ வீக்கமோ சீழோ இல்லையென்றால் கழுவிச் சுத்தமாக வைத்திருந்தால் போதும் என்று பதில் வந்திருந்தது.

“இதையே இங்கிலீஷ்ல போட்டுப் பாரேன்மா.”

“யாருக்கு சித்தப்பா?”

“நம்ம வேன்ல வர்ற ஆயாவுக்கு. செருப்பு கடிச்சிடுச்சாம். பாவம், பயப்படுது.”

போட்டேன். அதே பதில்தான். வாசல்வரை நடந்தார், திரும்பி வந்தார். “இன்னொரு இடத்துல பாரு.”

ஒரு மருத்துவமனையின் பக்கம் கிடைத்தது. எழுதிய மருத்துவரின் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் கீழே இருந்தன. மற்றவை கேட்காத ஒரு கேள்வியை அது முதலில் கேட்டது. அதைத் தமிழில் சொன்னேன்.

“சர்க்கரை நோய் இருக்கான்னு கேக்குது. இருந்தா, வலி இல்லைன்னு சும்மா இருக்கக் கூடாதாம். கால் மரத்துப்போயிருக்கலாம், உடனே டாக்டரைப் பாக்கணுமாம். ஆயாவுக்கு சுகர் இருக்கா?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சித்தி கரண்டியோடு வந்தார்.

“ஆயாவுக்கு இருக்கான்னு தெரியாது. இந்த வீட்ல ஒருத்தருக்கு இருக்கு. சாக்ஸைக் கழட்டுங்க.”

“குளிருதுடி.”

“இந்த வேர்வையிலயா?”

வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, ஓரமெல்லாம் வெளுத்து நடுவில் குழிந்த புண் இருந்தது.

“தேடும்போது சுகர்னு போடவே இல்லையா, சித்தப்பா?”

“போட்டா என்ன சொல்லும்னு தெரியும்மா. அப்புறம் இவ வண்டிச் சாவியைத் தருவாளா?”

சித்தி பர்ஸை எடுத்தார்.

கிளினிக்கில் நர்ஸ் அவரைப் படுக்கவைத்து, மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார். “கண்ணை மூடிக்குங்க. கால்ல தொடறது தெரிஞ்சா ‘ம்’ சொல்லுங்க.”

இழை பெருவிரலில் பட்டு வளைந்தது. சுண்டுவிரல் பக்கம் வளைந்தது. பாதத்தின் நடுவில் வளைந்தது. சித்தி என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

“என்ன சிஸ்டர், இன்னும் ஆரம்பிக்கலையா?” என்றார் சித்தப்பா, கண்ணை மூடியபடியே. “ஸ்கூல் விடற நேரமாச்சு.”