அந்தோணியார் சப்பரத்தை அறுத்தவள்

இல்லை, ஐரின் தன் மாமியாரைச் சாமியாக்கித் தூக்கிக்கொண்டு போகவில்லை. பாதியைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதியை வாயால் நிரப்புகிறவர்கள் சாந்தோமில் எப்போதும் உண்டு. எதிர்வீட்டு டோரதி அவர்களில் முதல் ஆள். "அந்தோணியார் நின்ன இடத்துல மாமியாக்காரியைப் படுக்க வெச்சா, கோபுரத்தைக் கோழிக்குக் குடுத்தா" என்று இன்னமும் கோயில் வாசலில் நின்று சொல்கிறாள். இரண்டும் நடந்ததுதான், யார் இல்லையென்றது? ஏன் நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஐரின் கோவளத்துப் பெண். பதினேழு வயதில் தச்சர் ஆரோக்கியநாதனின் மகன் காஸ்பருக்கு வாழ்க்கைப்பட்டு சாந்தோமுக்கு வந்தாள். கன்னியர் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். மாமனார் போனார். அடுத்த மழைக்காலத்தில் காஸ்பரும் காய்ச்சலில் போனான். பிள்ளை குட்டி இல்லை. பிறந்த வீட்டுக்குப் போய்விடு என்று ஊரே சொன்னபோது, "அத்தையை யார் பார்ப்பாங்க?" என்று ஒரு கேள்வி கேட்டாள். அவள் தையல் மிஷினுக்குத் திரும்பினாள்.

அந்த அத்தை ஆரோக்கியமேரி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தவள். மூன்று வருஷமாகப் படுத்தபடிதான். உட்காரவைத்தால் தெருக்கோடிவரை அலறல் கேட்கும்.

வீட்டின் பின்கட்டில் ஒரு பழைய சப்பரம் நின்றது. ஆரோக்கியநாதன் தன் கையால் செய்தது. கீழே ஓர் ஆள் நீளத்துக்குப் பலகை, தோளில் தூக்க இரண்டு வாரை, நான்கு தூண், மேலே கோபுரம் போலக் கூரை. ஜூன் மாதத் திருவிழாவில் அந்தோணியார் அதில்தான் தெரு சுற்றி வருவார். ஒரு ஆணி புதிதாக அடித்தாலும் சாமியாரை அழைத்துத் தீர்த்தம் தெளிக்காமல் ஆரோக்கியநாதன் விடமாட்டார். கோயிலுக்குப் புதுச் சப்பரம் வந்தபின் பழையது இங்கேயே தங்கிவிட்டது. கரையான் ஏறியது. கோழி முட்டையிட்டது. ஆனாலும் மந்திரித்த பொருள். விற்கக் கூடாது, விறகாக்கக் கூடாது. "அதுல ரம்பம் வைக்கிற கை வெளங்காமப் போயிடும்" என்று ஆரோக்கியமேரி ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள்.

நாற்பத்திரண்டாம் வருஷம், ஈஸ்டருக்கு மறுநாள் விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அதற்கடுத்த நாள் சென்னைப் பட்டணத்தில் அபாயச் சங்கு ஊதியது. அவ்வளவுதான், மூட்டையும் முடிச்சுமாக ஜனம் கிளம்பிவிட்டது. ஐரினுக்குப் போக்கிடம் கோவளம். கால்வாயில் போகும் படகில் இரண்டு பேருக்கு இடம் சொல்லிவைத்தாள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் படகு. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று படகுக்காரனுக்கே தெரியாது.

வாடகைக்கு வீடு விட்ட அனந்தராமனும் குடும்பத்தோடு கும்பகோணம் கிளம்பிக்கொண்டிருந்தார். "இதோ பாரும்மா, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு இந்த ஆம் காலியா இருக்கணும். பூட்டிண்டு நான் எழும்பூர் போயாகணும். பின்னாடி நிக்கற கோபுரத்தையும் சேர்த்துத்தான் சொல்றேன். இன்னொருத்தர் சாமியை உள்ளே வெச்சுப் பூட்டின பாவம் நேக்கு எதுக்கு?"

வியாழக்கிழமை ஐரின் பங்குச் சாமியாரிடம் போய்ச் சப்பரத்தை என்ன செய்வது என்று கேட்டாள். அவர் அநாதைப் பிள்ளைகளைத் திண்டிவனத்துக்கு அனுப்பும் அவசரத்தில் இருந்தார். "உடைஞ்சிட்டா மந்திரிப்பு போயிடும் மகளே. அப்புறம் அது வெறும் மரம்" என்று நின்றபடியே சொன்னார். மறுநாள் பிள்ளைகளோடு அவரும் போய்விட்டார். அவர் சொன்னதைக் கேட்ட காது ஐரினுடையது ஒன்றுதான். கதை திரிந்ததற்கு அதுவே பாதிக் காரணம்.

வெள்ளிக்கிழமை, பழைய சாமான் எடுக்கும் பீர் முஹம்மது வந்தார். பீரோ, மேஜை, உரல், தண்ணீர்த் தொட்டி, கடைசியாக ஆரோக்கியமேரியின் இரும்புக் கட்டில் எல்லாம் வண்டியேறின. படகில் கட்டில் ஏற்றமாட்டான். மறுநாள் எட்டு மணிக்கு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கிழவியைப் படகுத்துறைக்குக் கொண்டுபோக வண்டிக்கார வேலு வாக்குக் கொடுத்திருந்தான். அந்த வாக்கை நம்பித்தான் கட்டிலைக் கொடுத்தாள். சப்பரத்தை மட்டும் பீர் முஹம்மது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "இது பெரியவங்க சமாச்சாரம்மா. இதை ஏத்திக்கினு போனா எங்க வூட்லயே எனக்கு சோறு போடமாட்டாங்க."

சனிக்கிழமை எட்டு அடித்தது. வேலு வரவில்லை. எட்டேகால். தெருமுனைவரை ஓடிப் பார்த்தாள். அதிக வாடகைக்கு வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே போய்விட்டானாம். தெருவில் ஒரு வண்டிகூட இல்லை. கைரிக்‌ஷா ஒன்று வந்தது. அதில் உட்காரத்தான் முடியும், படுக்க முடியாது. வெறும் வீட்டில் பாய்மேல் கிடந்த ஆரோக்கியமேரி, "வண்டி வந்துடுச்சா?" என்று மூன்றாம் முறை கேட்டாள்.

அப்போதுதான் மீன்கூடையோடு தேவானை வந்தாள், நொச்சிக்குப்பத்துக்காரி. "இன்னா யம்மா, ஆளும் பேருமா கெளம்பிட்டீங்க, சொல்லிக்கினு போவ மாட்டீங்களா?" என்று கேட்டவள் ஐரின் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். "வண்டி வர்லியா? அட, எங்க வூட்டாளுங்க டெய்லி கட்டுமரம் தூக்கறவனுங்க. இந்தக் கெயவி இன்னா கட்டுமரத்த விட கனமா? நாலு பேர இட்டாரேன். எதுல வெச்சி தூக்கறதுன்னு மட்டும் நீ பாரு."

எதில் வைத்து? ஆளைப் படுக்கவைக்க வீட்டில் ஒரு சாமான் பாக்கி இல்லை. யாருக்கும் வேண்டாத அது ஒன்றைத் தவிர.

ஐரின் பின்கட்டுக்குப் போய்ச் சப்பரத்தின் முன்னால் நின்றாள். பலகை உறுதியாக இருந்தது. வாரை இரண்டும் தேக்கு. ஆனால் கூரையோடு அது வாசல் நிலையைத் தாண்டாது. திருவிழாவுக்கு வெளியே போகும் பக்கத்துச் சந்தில் இப்போது சுவர். நிலையைத் தாண்டினாலும் கால்வாய்ப் பாலங்களுக்கு அடியில் படகு நுழையாது. மாமனாரின் ரம்பம் பரண்மேல் இருந்தது. எடுத்தாள். கும்பிட்டாள். முதல் தூணில் வைத்தாள்.

ரம்பச் சத்தம் கேட்டதும் கூடத்திலிருந்து குரல் வந்தது. "ஐரினு! என்னடி பண்றே? அது எம் புருஷன் கை வெச்சது! உங்கை போயிடும்டி!"

ஐரின் அறுத்துக்கொண்டே இருந்தாள். கிழவி உரக்க ஜெபமாலை சொல்லத் தொடங்கினாள். ரம்பம் ஓடும்போது மரியாயே வாழ்க ஓடும். ரம்பம் நின்றால் ஜெபமும் நின்று காது கொடுக்கும். ஒரு தூண் ஆயிற்று. இரண்டாயிற்று. மூன்றாவதில் ரம்பம் மரத்துக்குள் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து பிடி வழுக்கியது. கோயில் மணி ஒன்பது அடித்தது.

டோரதி பின்கட்டு வாசலில் வந்து நின்றாள். "ஏன் ஐரின், நாளைக்கு எந்தக் கையால சிலுவை போடுவே?"

"இதே கையாலதான். வந்தது வந்தே, இந்தக் கூரை சாயாமப் பிடிச்சுக்கோ."

டோரதி இரண்டடி பின்னால் போனாள். உதவிக்கு வந்த கதையை அவள் சொல்லமாட்டாள், வந்திருந்தால்தானே.

பிடித்தது தேவானை. நான்கு ஆட்களோடு ஓடிவந்தவள் கூரையைத் தோளால் முட்டுக்கொடுத்தாள். ஐரின் ரம்பத்தைப் பிடுங்கி மறுபக்கத்திலிருந்து அறுத்தாள். நான்காவது தூணும் விட்டது. கோபுரம் தரையில் இறங்கியது.

"இத்த இன்னா பண்ணப் போறே?"

"வீடு காலியா இருக்கணும் தேவானை. நீ எடுத்துட்டுப் போ."

"நானா? எங்கிட்ட கோயிங்கதான் கீது."

உடைந்தால் வெறும் மரம் என்று சாமியார் சொன்னது ஐரினின் காதில் இருந்தது. "கோழியும் ஆண்டவர் படைச்சதுதான். அதுங்க மழையில நனையாம இருக்கட்டும்" என்றாள்.

ஆட்கள் கோபுரத்தைச் சாய்த்துத் தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். பலகையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பாயருகே வைத்தார்கள். ஆரோக்கியமேரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "நான் ஏறமாட்டேன். அது அந்தோணியார் இடம். என்னை இங்கேயே விட்டுட்டு நீ போ."

வாசலில் அனந்தராமன் பூட்டோடு நின்றார். "நாழியாறதும்மா." படகுக்கு இன்னும் அரைமணி கூட இல்லை. பலவந்தமாகத் தூக்கலாம்தான், அந்த இடுப்பை வைத்துக்கொண்டு அவள் ஒரு தரம் திமிறினால் போதும்.

ஐரின் மண்டியிட்டாள். "அத்தை, என்னைப் பாருங்க."

"மாட்டேன். உங்கையைக் காட்டு முதல்ல."

வலது கையை நீட்டினாள். கிழவி திரும்பினாள். கொப்புளமும் ரத்தமும் மரத்தூளுமாக இருந்த அந்தக் கையை வாங்கிக் கட்டைவிரலை மடக்கினாள், நிமிர்த்தினாள். அடுத்த விரல். அதற்கடுத்தது. ஐந்தும் மடங்கின, ஐந்தும் நிமிர்ந்தன. சுண்டுவிரலை மட்டும் இரண்டு தரம் மடக்கிப் பார்த்தாள்.

"ரத்தத்தைத் துடைடி" என்றாள் ஆரோக்கியமேரி. "ஏத்துங்க."

தலைக்கு ஒருவர் காலுக்கு ஒருவராகப் பாயோடு ஏற்றினார்கள். அலறினாள், ஆனால் வாரையைப் பற்றிக்கொண்டாள். ஆட்கள் வாசலை நோக்கி இரண்டடி வைத்ததும், "நில்லுங்கடா! காலு முன்னால போனா பொணம். தலை முன்னால போகணும், திருப்புங்க!" என்று அதட்டினாள்.

வீடு வெறுமையாகக் கிடந்ததால்தான் திருப்ப இடம் கிடைத்தது. அப்படியும் வாரையின் பின்முனை நிலையில் முட்டியது. ஆட்கள் தடுமாறினார்கள், பலகை சாய்ந்தது. அனந்தராமன் பூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றிருந்த அந்தச் சப்பரத்தின் வாரையை இரண்டு கையாலும் பிடித்து நெட்டித் தள்ளினார். "இப்போ எடுங்கோ, மெள்ள!"

சப்பரம் தெருவில் இறங்கித் தோளுக்கு ஏறியது. எதிர்வாசலில் நின்ற டோரதி, வருஷா வருஷம் பழகிய கை, தன்னையறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டாள். போட்டபிறகுதான் மேலே படுத்திருப்பது யாரென்று பார்த்தாள். தேவானை சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் டோரதியால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

ஐரின் சிரிக்கவில்லை. உள்ளே திரும்பிப் பின்கட்டுவரை ஒரு நடை நடந்து பார்த்தாள். ஒரு துரும்பு இல்லை. சாவியை அனந்தராமனிடம் கொடுத்தாள். தையல் மிஷினின் தலையைக் கழற்றித் துணியில் கட்டி வைத்திருந்தாள். அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வலது கையால் சிலுவை போட்டு, வாசல்படி இறங்கினாள். சப்பரம் அதற்குள் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. "ஐரினு, வர்றியா?" என்ற குரல் கேட்டது. அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.