சால்ட் பேனின் ரசிகை

அலைவாய் ஓட்டலில் பிரபாவதி டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தது 1973-ல். அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு. ஓட்டல் மகாபலிபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டிக் கடலைப் பார்த்தபடி இருந்தது. முப்பத்திரண்டு அறைகள், ஒரு சாப்பாட்டு ஹால். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு மரத்தடுப்பு, அதற்கும் பின்னால் அவளுடைய டெலிபோன் போர்டு.

வீடு செங்கல்பட்டில். அப்பா திருவேங்கடம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. விடியற்காலையில் எழுந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, சமைத்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு அம்சாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு அவள் பஸ் ஏறுவாள். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் பயணம். பன்னிரண்டு மணிக்கு போர்டில் உட்காரும்போதே ஒரு நாள் வேலை முடிந்துவிட்டது போல் இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் ஹாலில் பாட்டு நடக்கும். மெட்ராஸிலிருந்து நாலு பேர் ஒரு பழைய வேனில் வருவார்கள். வரும் வழியில் இருந்த கேளம்பாக்கம் உப்பளங்களை வைத்து ‘சால்ட் பேன்’ என்று குழுவுக்குப் பேர் வைத்திருந்தார்கள். பாட்டு எழுதிப் பாடுகிறவன் முனீர், ராயப்பேட்டைக்காரன். டிரம் அடிக்கிறவன் பக்தவத்சலம், எல்லாருக்கும் பக்தா. மற்ற இரண்டு பேரும் அண்ணன் தம்பிகள், கித்தாரைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

அவள் சேர்ந்த இரண்டாவது சனிக்கிழமை மூன்று மணி இருக்கும். ஆளில்லாத ஹாலில் அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய் லைனுக்காக ஒரு காதில் ஹெட்செட்டை வைத்துக்கொண்டு காத்திருந்த பிரபாவதியின் மறு காதில் அந்தப் பாட்டு விழுந்தது. இங்கிலீஷ் பாட்டு. மெதுவாகப் போனது. டிரம் சத்தம், களைத்துப்போன ஒருவன் காலை இழுத்து நடப்பது போல இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்து அவள் அர்த்தம் கூட்டிப் பார்த்தாள். பஸ்ஸில் இடமில்லை, நின்றுகொண்டு வருகிறேன், எனக்காகச் சாப்பிடாமல் இருக்காதே என்கிறான். பாட்டில் ஒருவன் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவான் என்று அவள் நினைத்ததே இல்லை. பாடுகிறவனுக்கும் அன்றைக்கு வேலை அதிகம் போல, குரலில் அவ்வளவு அலுப்பு. பம்பாய் லைன் கிடைத்து இரண்டு தடவை கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவே இல்லை.

அன்று ராத்திரி அப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது அந்த மெட்டு வாயில் வந்தது.

“இன்னாம்மா அது?” என்று அப்பா குழறினார்.

“பாட்டுப்பா.”

“சாமி பாட்டா?”

“இல்லப்பா. பஸ் பாட்டு.”

அதற்கப்புறம் அவள் சனிக்கிழமை லீவு எடுத்ததே இல்லை. வார விடுமுறையைத் திங்கட்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு தடவை அக்கா வீட்டுக்காரர் ஒரு வரன் பார்த்து, சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லியனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள் என்று பதில் சொன்னாள். அவர்கள் வரவே இல்லை. அம்சாதான் ஒரு மூச்சு திட்டினாள்.

“இன்னாடி நீ? எவனோ நாலு பேரு கத்தறத கேக்கறதுக்கா இந்த அலைச்சல்?”

“கத்தறது இல்லக்கா. மெதுவாத்தான் பாடுவாங்க.”

“உன் தலையெழுத்து,” என்று அம்சா உள்ளே போய்விட்டாள்.

ஓட்டலிலும் அந்தப் பாட்டுகளுக்குப் பெரிய வரவேற்பு இல்லை. வெள்ளைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த பாட்டைக் கேட்டார்கள். மெட்ராஸிலிருந்து வருகிற குடும்பங்கள் இந்திப் பாட்டு கேட்டன. மேனேஜர் ஜெயினுலாபுதீன் நல்ல மனுஷர்தான், ஆனால் அவருக்கும் ஹால் நிரம்ப வேண்டும். “ஜனங்க ஆடற மாதிரி ரெண்டு போடுங்கப்பா,” என்று வாரம் தவறாமல் சொல்வார். முனீர் தலையாட்டிவிட்டுத் தன் பாட்டையே பாடுவான்.

பிரபாவதி செங்கல்பட்டில் டைப்ரைட்டிங்கோடு சுருக்கெழுத்தும் பாஸ் செய்தவள். அதற்கேற்ற வேலை கிடைக்காமல்தான் போர்டுக்கு வந்தாள். அந்தச் சுருக்கெழுத்து இப்போது உபயோகப்பட்டது. புதுப் பாட்டு வந்தால் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே வார்த்தைகளை எழுதிக்கொள்வாள். புரியாததை அடுத்த வாரம் அவர்கள் மறுபடி பாடும்போது கேட்டுத் திருத்துவாள். இரண்டு வருஷத்தில் இருபத்திரண்டு பாட்டுகள் சேர்ந்தன.

1975 கடைசியில் பம்பாயில் ஒரு கிராமபோன் பிளேட் கம்பெனி பாட்டுகளை எழுத்தில் அனுப்பச் சொல்லிக் கேட்டது. அந்த நேரம் பார்த்து முனீர் தன் பாட்டு நோட்டைத் தாம்பரம் ரயிலில் விட்டுவிட்டான். அந்தச் சனிக்கிழமை ஓட்டல் படியில் நாலு பேரும் டிரம்மைக்கூட இறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் என்னவென்று பக்தா சொன்னான். அதுவரை அவர்களிடம் ‘வணக்கம் சார்’ என்பதற்கு மேல் பேசாதவள், மெல்லச் சொன்னாள்:

“எங்கிட்ட இருக்கு சார்.”

“எது?”

“எல்லாப் பாட்டும்.”

அடுத்த வாரம் அத்தனையையும் டைப் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். முனீர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தான். ஒரு இடத்தில் நிறுத்தினான்.

“சிஸ்டர், பாட்டுல ‘உன் கை என் தோள்ல கனமே இல்ல’ன்னு எழுதியிருந்தேன். நீங்க கனமா இருக்குன்னு அடிச்சிருக்கீங்க.”

“தப்பா கேட்டுட்டேன் போல சார். மாத்திடறேன்.”

“வேணாம், இதான் நெஜம்,” என்றான். அன்று சாயங்காலம் அப்படியே பாடினான். அவள் அன்று மட்டும் தடுப்பை விட்டு வெளியே வந்து நின்று கேட்டாள். ஹாலில் ஏழெட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

மறு வருஷம் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை, முனீர் பம்பாய்க்கு ஒரு அர்ஜென்ட் கால் போட்டான். லைன் கிடைத்ததும் இணைத்துக் கொடுத்துவிட்டு, அறுந்து போகாமல் நிற்கிறதா என்று சில விநாடி கேட்பது ஆபரேட்டர் வேலை. அப்புறம் போர்டில் பேச்சைக் கேட்கிற சாவியை மூடிவிட வேண்டும். அன்று அவள் மூடவில்லை. கம்பெனிக்காரனுக்குப் பாடுகிறவன் மட்டும் போதுமாம். மற்றவர்கள் வேண்டாம், அங்கேயே ஆட்கள் இருக்கிறார்களாம். சரி, வருகிறேன் என்றான் முனீர். அவர்களுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னான். காலுக்கான மூன்று நிமிஷம் முடிந்தது.

அரை மணி நேரம் கழித்து பக்தா தண்ணீர் கேட்டு வரவேற்புப் பக்கம் வந்தான்.

“சிஸ்டர், பம்பாய்க்காரன் ஓக்கே சொல்லிட்டானாம். முனீர் இப்பத்தான் சொன்னான். மாசக் கடைசில வேலைய எழுதிக் குடுத்துடப் போறேன்.”

அவன் மவுண்ட் ரோட்டில் ஒரு ரேடியோ கடையில் வேலை பார்த்தான். வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

“அவசரப்படாதீங்க சார்,” என்றாள் பிரபாவதி.

“இன்னா சிஸ்டர், நீங்களே இப்டி சொல்றீங்க? எங்களுக்கு இருக்கற ரசிகையே நீங்க ஒர்த்தர்தான்.”

அவன் சிரித்துக்கொண்டே தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனான். ஒட்டுக் கேட்டதைச் சொன்னால் வேலை போய்விடும். அப்பாவின் மருந்து, வாடகை எல்லாம் அந்த வேலையில்தான் இருந்தது. ஆனால் அவள் வாயை அடைத்தது அது மட்டுமல்ல. சொல்ல வேண்டியவன் முனீர் என்று நினைத்தாள். அப்படிப் பாட்டு எழுதுகிறவன் சொல்லாமல் போவானா?

அடுத்த வாரம் முனீர் தனியாக வேன் பக்கம் நின்றபோது போய்ச் சொன்னாள்.

“சார், பக்தா சார் வேலைய வுடப் போறாரு. அதுக்குள்ள அவர்கிட்ட சொல்லிடுங்க.”

முனீர் முகம் மாறியது. “கேட்டுகினு இருந்தியா?”

“ஆமா சார். தப்புதான்.”

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. மணலையே பார்த்துக்கொண்டு நின்றான். “எனக்கு மட்டும் சந்தோஷமாவா கீது? சொல்லிடறேன் சிஸ்டர். இந்த வாரமே சொல்லிடறேன். அல்லா மேல ஆணை.”

அவள் நம்பினாள்.

மாசக் கடைசியில் பக்தா வேலையை விட்டான். மூன்றாம் நாள் முனீர் பம்பாய் ரயில் ஏறினான். அண்ணன் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தான். பக்தாவுக்கு அதுவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை டிரம்மை எடுத்துப் போக பக்தா தனியாக வந்தான். நேராகத் தடுப்புக்குப் பின்னால் வந்து நின்றான். முகம் நாலு நாள் தூங்காத முகமாக இருந்தது.

“இங்கிருந்துதான் போன் பண்ணேன்னு லெட்டர்ல எழுதிகீறானாம், கித்தார் பசங்க சொன்னானுங்க. உனக்குத் தெரியுமா?”

அவள் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். “தெரியும்.”

“நான் வேலைய வுடப்போறேன்னு உங்கிட்ட சொன்னேனே, அப்பவே?”

“அப்பவே தெரியும். அவரே சொல்லுவார்னு நெனச்சேன்.”

“நெனச்சியா!” என்றான். டிரம்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் ஒரு லாரியில் ஏற்றினான். அவள் உதவிக்குப் போனாள். “வேணாம்” என்றான்.

ஜெயினுலாபுதீன் அடுத்த மாசமே இந்திப் பாட்டுக் குழு ஒன்றை ஏற்பாடு செய்தார். ஹால் நிரம்பியது. பிரபாவதி அந்தச் சத்தத்துக்கு நடுவே நம்பர்களைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். முனீரின் பிளேட் எதுவும் வந்ததாகக் கேள்வி இல்லை. அவன் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. பாட்டுகள் மேல் வரவில்லை. துணி துவைக்கும்போதும், அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் அவை தானாக வந்தன. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவாள். நாலு அடி நடப்பதற்குள் மறுபடி வந்துவிடும்.

மூன்று வருஷம் போனது. 1979 புரட்டாசியில் திருக்கழுக்குன்றத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, கையில் டிபன் கேரியரோடு பக்தா நின்றுகொண்டிருந்தான். முடி குறைந்து, தொப்பை வைத்திருந்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன்தான் கிட்டே வந்தான்.

“சிஸ்டர், இன்னும் அதே ஓட்டலா?”

“ஆமா சார். நீங்க?”

“கல்பாக்கத்துல ஒரு கான்ட்ராக்டர்கிட்ட ஸ்டோர் கிளார்க்கு. கல்யாணமாகி இங்கதான் வூடு எடுத்துக்கீறேன். மத்தியான ஷிஃப்ட்டு.”

பிரபாவதிக்கு இதைச் சொல்லாமல் நிற்க முடியவில்லை.

“நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“சொல்லியிருந்தா மட்டும் இன்னா? அவன் போயிருப்பான்.”

“உங்க வேலை போயிருக்காது இல்ல.”

பக்தா டிபன் கேரியரைக் கை மாற்றிக்கொண்டான். “அது கரெக்ட்டு,” என்றான். “ஒன்றரை வருஷம் ரொம்ப பேஜாராப் பூட்சு. தங்கச்சி கல்யாணம் ஒண்ணு நின்னு போச்சு. உன்ன நெனச்சா ஆத்திரமா வரும். அவன நெனச்சா அவ்ளோ வராது. ஏன்னு தெரியல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

“அப்பா எப்டி கீறாரு?”

“போன ஆடியில தவறிட்டாரு.”

“அடடா,” என்றான். பிறகு, “சாப்டியா?” என்று கேட்டான்.

“ஓட்டல்ல போய்த்தான்.”

கல்பாக்கம் பஸ் வந்தது. ஏறும்போது, “இந்த டைம்தான் எனக்கு டெய்லி,” என்றான்.

அதற்கப்புறம் பெரும்பாலான நாட்களில் பத்து நிமிஷம் அங்கே பேசிக்கொண்டார்கள். அவன் குழந்தைக்கு ஜுரம், ரேஷனில் சர்க்கரை வரவில்லை, பஸ் லேட்டு என்கிற பேச்சுதான். சால்ட் பேன் பற்றி அவன் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. சில நாள் இரண்டு பேருக்குமே பேச அலுப்பாக இருக்கும். அப்போது நிழலில் தள்ளித் தள்ளி நின்று அவரவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.