நானே சொன்ன எடை

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு சைக்கிள் நிற்கிறது. அதற்குப் பின்சக்கரம் கிடையாது. அந்த இடத்தில் ஒரு கனத்த இயந்திரத்தை மாட்டியிருக்கிறேன். இப்போது அதன் ஹேண்டில்பாரில் துண்டு காய்கிறது. போன வருஷம் வரை ஞாயிறு காலையில் நான் அதில் ஏறி மிதிப்பேன். எதிரே டிவியில் என் சட்டை நிறத்திலேயே சட்டை போட்ட ஒரு பொம்மை மனிதன், எந்த நாட்டிலும் இல்லாத ஒரு மலையில் மிதித்து ஏறுவான். பக்கத்து வீட்டு அம்மா முதல் தடவை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா இது, இம்மாம் மிதிக்கிற, வண்டி எங்கியும் போவலியே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

விடிவதற்கு முன் எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறவனுக்கு ரோட்டில் சைக்கிள் ஓட்ட நேரம் கிடையாது. ஓட்டினாலும் நாய்கள் விடுவதில்லை. அதனால் இந்த வீட்டுப் பந்தயம். அவரவர் வீட்டில் அவரவர் மிதிக்க, இன்டர்நெட்டில் எல்லோரும் அணி அணியாக ஒரே ரோட்டில் ஓடுவோம்.

இதில் ஒரு கோளாறு உண்டு. காலால் எவ்வளவு பலமாக மிதிக்கிறோம் என்பதை இயந்திரம் அளந்துவிடும். ஆனால் நம் எடை எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். மேட்டில் ஏறும்போது பலத்தை எடையால் வகுத்துத்தான் பொம்மையின் வேகத்தை முடிவு செய்வார்கள். எடை குறைந்தால் பொம்மை பறக்கும். உயரம் குறைந்தால் எதிர்க்காற்று குறைவு, அதற்கும் கொஞ்சம் லாபம். பெண் பார்க்கப் போனபோது இரண்டு அங்குலம் கூட்டிச் சொன்ன ஆண்கள் எல்லாம் இங்கே மூன்று அங்குலம் குறைத்துச் சொல்வார்கள். பிரியாணியாகத் தின்று தொப்பை வைத்தவன் ஒட்டடைக் குச்சியாக மலை ஏறுவான். கேட்டால், "எல்லாரும்தானே போடறாங்க" என்பான்.

நான் பொய் எடை போட்டதில்லை. நான் நல்லவன் என்பதற்காக இல்லை, சிடுமூஞ்சி என்பதற்காக. ரயிலில் கர்சீப் போட்டு சீட் பிடிக்கிறவர்களோடு தினமும் சண்டை போடுகிற ஆள் நான். ஞாயிறு காலையில் வெறும் வயிற்றோடு குளியலறைத் தராசில் ஏறி, முள் காட்டுவதை அப்படியே எழுதுவேன். பொங்கலுக்கு மறுவாரம் ஒரு கிலோ கூடியிருந்தால் அதையும் எழுதுவேன். எழுபத்து நான்கு கிலோ, ஐந்தடி ஒன்பது அங்குலம். எங்கள் அணியில் மற்ற எல்லோரும் பெங்களூர்ப் பையன்கள். மேட்டில் என்னைத் தாண்டிப் போகும்போது "கமான் அங்கிள்" என்று திரையில் எழுதிவிட்டுப் போவார்கள். எரிச்சலாக வரும்.

போன வருஷம் மழைக்காலத்தில் எடை குறைய ஆரம்பித்தது. எழுபத்திரண்டு, எழுபது, அறுபத்தாறு. குறைந்ததை எல்லாம் எழுதினேன். கால் பலமும் குறைந்துகொண்டுதான் வந்தது, ஆனால் எடை அதைவிட வேகமாகக் குறைந்தது. வகுத்துப் பார்த்தால் லாபம் எனக்கு. முதன்முறையாக மேட்டில் பையன்களோடு ஒட்டிக்கொண்டு போனேன். பிறகு தாண்டினேன்.

எல்லோருக்கும் சந்தோஷம். ரயிலில், "இன்னா சார், காலேஜ் பையன் மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை செய்யும் என் மனைவி, என் பேண்ட்டுகளை இடுப்பில் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். "இந்த மிஷினு போட்ட காசு வேஸ்ட் ஆவல" என்றாள். சாப்பாடு பாதியில் போதும் என்றாகிவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பயிற்சி செய்தால் அப்படித்தான் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம். எங்கள் கூட்டத்தில் எடை குறைந்தால் இரண்டே காரணம்தான்: ஒன்று பயிற்சி, இல்லையென்றால் பொய். மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பெரிய மலைப் பந்தயத்தில் நான் முதலாவதாக வந்தேன். அன்றைக்கே முடிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அணித் தலைவன் போன் செய்தான். நேரில் பார்க்காத பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

"தப்பா எடுத்துக்காதீங்க அங்கிள். கொஞ்ச மாசத்துல பன்னெண்டு கிலோ கொறைஞ்சிருக்குன்னு மத்த டீம்ல எல்லாரும் டவுட் பண்றாங்க. ஒரு வெயிட் வீடியோ மட்டும் போட்டுடுங்க."

"நான் பொய் எழுதறேன்னு நீயும் நெனைக்கிறியாப்பா?"

"வீடியோ போட்டா முடிஞ்சிடும் அங்கிள்" என்றான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை பித்தலாட்டக்காரர்கள் நடுவில் ஒழுங்காக எழுதிய ஒருத்தனைப் பிடித்துத் திருடன் என்கிறார்கள். என் அப்பா எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வந்தால் தினமும் உடம்பைத் தடவிச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள், தங்கம் எதையாவது ஒளித்துக்கொண்டு போகிறாரா என்று. அவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டு வருவார். அதை ஒரு நாளும் அவர் அவமானமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

வீடியோவுக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். தராசு சரியா என்று காட்ட, எடை அச்சடித்த ஒரு பொருளை முதலில் வைக்க வேண்டும். பிறகு படத்தை நிறுத்தாமல் ஆள் ஏற வேண்டும். எங்கள் குளியலறைத் தராசின் மேல் எனக்கே நம்பிக்கை கிடையாது. நிரூபிப்பது என்று வந்தபின் யாரும் வாய் திறக்க முடியாதபடி நிரூபிக்க வேண்டும் என்று, ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் நாங்கள் வழக்கமாக அரிசி வாங்கும் கடைக்குப் போனேன். அங்கே வருஷா வருஷம் அரசாங்க முத்திரை போடும் எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. போன் பிடிக்க மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம். விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் சிரித்துவிட்டார். இருந்தாலும் இருபத்தைந்து கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கித் தராசில் வைத்தார். சரியாக இருபத்தைந்து. மூட்டையை இறக்கினார். நான் செருப்பைக் கழற்றி, பர்ஸ், சாவி எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, சட்டையையும் கழற்றினேன். எதையும் மறைக்கவில்லை என்று தெரியட்டும் என்று கையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன். வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு.

நான் எழுதியிருந்தது அறுபத்திரண்டு. வீட்டுத் தராசு கூட்டிக் காட்டியிருக்கிறது. பொய் என்றால் அது எனக்கு எதிராகச் சொன்ன பொய். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இன்னா சார், ரெண்டு மூட்டையும் கொஞ்சமும்தான் தேறுவீங்க போலக்குதே" என்றார் கடைக்காரர். நான்கு பேர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மனைவி போனை இறக்கவே இல்லை. எண் வந்த பிறகு அவள் தராசைப் படம் பிடிக்கவில்லை, என் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று அப்புறம் வீடியோவில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கடைசியில் கொஞ்ச நேரம் என் விலா எலும்புகள் மட்டும்தான் இருந்தன. தேவையான எண் அதற்கு முன்பே பதிவாகியிருந்ததால் அப்படியே அனுப்பிவிட்டேன்.

உடனே பதில் வந்தது. "வெரி சாரி அங்கிள். நீங்க போட்டதைவிட கம்மியா இருக்கு! அப்டேட் பண்ணுங்க, அடுத்த ரேஸ்ல இன்னும் ஃபாஸ்ட்டா போவீங்க." முதல் இடத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நான் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஐம்பத்தெட்டு புள்ளி ஆறு என்று மாற்றினேன். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன என்று கேட்டேன். "நாளைக்கு லீவு போடுங்க, டாக்டர்கிட்ட போவலாம்" என்றாள்.

டாக்டர் எப்போதிலிருந்து எடை குறைகிறது என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் அதற்குச் சரியாகப் பதில் சொல்ல மாட்டார்களாம். நான் போனை எடுத்து வாரவாரியாகக் காட்டினேன். ஒரு வாரம்கூட விடவில்லை. அவர் அதை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, பெங்களூருக்கு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே குடலில் கட்டி என்றார்கள். புற்றுநோய்தான், ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, கொஞ்சம் பரவியும் இருக்கிறது என்றார்கள். ஆபரேஷன், மருந்து என்று எல்லாவற்றையும் விளக்கினார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அந்த டாக்டரின் மேஜையில் ஒரு பேனா மூடியில்லாமல் கிடந்தது, அதை மூட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தோம். என் போன் ஒலித்தது. கையை நீட்டி எடுக்கத் தோன்றவில்லை. மனைவி எடுத்துப் படித்தாள். அணித் தலைவன்தான். இனிமேல் எல்லோரும் என்னைப் போலவே வீடியோ போட வேண்டும் என்று முடிவாகிவிட்டதாம். அங்கிளால் பந்தயம் இப்போது நியாயமாகிவிட்டது, எல்லோர் சார்பிலும் நன்றி என்று எழுதியிருந்தான்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஊரே பொய் எழுதிக்கினுதானே கீது" என்றாள். "நீங்களும் எழுதிக்கினு இருந்திருக்கக் கூடாதா? அந்தப் பையனுங்க சொன்னது நெசமா இருந்திருக்கக் கூடாதா?"

தராசில் நின்று எல்லோர் எதிரிலும் நான் பொய்யன் இல்லை என்று நிரூபித்தபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று அவளிடம் சொல்லவும் வாய் வரவில்லை.