பி-52ம் ஒரு டீ டம்ளரும்

ஈராக் போர் நடந்த சமயம். முத்தியால்பேட்டை டீக்கடை டிவியில் அந்தப் பெரிய குண்டுவீச்சு விமானம் வரும்போதெல்லாம், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் தன் டீ டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். சைகோனில் வேலை பார்த்து, பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்கும் உள்ளூர்க்காரர்.

“ஈ மொய்க்குதா சார்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்ல தம்பி, பி-52. அங்க சண்டை நடந்தப்ப சைகோனுக்கு வெளியில இது குண்டு போட்டாலே எங்க வீட்டுக் கூரைக் காரை பேந்து காப்பியில விழும்.”

“அந்தக் காலத்து விமானமா இன்னும் பறக்குது?”

“அதேதான். உசுரோட இருக்கேன்னு நான் வருஷா வருஷம் பென்ஷன் ஆபீஸ்ல போய் நின்னு காட்டணும். அது குண்டு போட்டுக் காட்டுது.”

சிரித்தார். அது பெருமையா, பயமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கையை மட்டும் அவர் எடுக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நானும் என் டம்ளரை மூடிக்கொண்டேன்.