சாம்பிராணி பிடித்த கார்

மாரி வெள்ளம் வடியாத ஒரு பின்னேரம் தங்கையை ரயில் ஏற்றப் போனேன். அவள் இங்கிலாந்துக்கு நேர்ஸ் படிப்புக்குப் போகிறாள். அந்த ரயிலைத் தவறவிட்டால் கொழும்பில் கப்பலும் போய்விடும். அம்மா செத்த பிறகு அவளை வளர்த்தவள் நான். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டதால் அவருடைய பழைய கறுப்புக் காரை ஓட்டுகிறவளும் நான்தான். பொம்பிளை கார் ஓட்டுகிறாள் என்று நிலாவெளி உப்பளத்து ஆட்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். நானும் நன்றாகப் பார்க்கட்டும் என்று ஹோர்ன் அடித்துவிட்டுப் போவேன்.

சாம்பல்தீவுக்குக் கிட்ட களப்புத் தண்ணீர் ரோட்டில் ஏறிக் கிடந்தது. இருபக்கமும் நின்ற பனைகள்தான் ரோடு எது என்று சொல்லின. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று காரை இறக்கினேன். காருக்கு அடியில் மேகங்கள் போயின. ரோட்டின் நடுவில் நின்ற கொக்கு எங்களுக்காகப் பறக்கவும் இல்லை, சற்றே விலகி நின்றது. நடுவழியில் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது.

சத்தம் எல்லாம் அடங்கிப் போனது. கதவுக்குக் கீழால் தண்ணீர் மெல்ல உள்ளே வந்தது. தங்கை செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, காலைச் சீற்றில் தூக்கிக்கொண்டாள். சின்னப்பிள்ளையில் வள்ளத்தில் அப்படித்தான் இருப்பாள். இப்படியே மிதந்துகொண்டிருந்துவிடலாம் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவள் கொஞ்ச நாளாகவே கதை குறைந்து, யன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பிரிவு அவளையும் வாட்டுகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

வலை வீசிக்கொண்டிருந்த இரண்டு பேர் வந்து காரை மேட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அங்கே ஒரு பிள்ளை பெற்ற வீடு. தாயையும் பிள்ளையையும் குளிக்கவைத்து, சட்டியில் தணல் போட்டுச் சாம்பிராணி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் எஞ்சினில் நனைந்துபோன பிளக்குகளையும் டிஸ்ரிபியூட்டர் மூடியையும் கழற்றித் துடைக்கிறதைப் பார்த்து வீட்டுக்கார அம்மா இரக்கப்பட்டுவிட்டார்.

"ஏன் பிள்ளை கஷ்டப்படுறீங்கள்? இஞ்ச கொண்டாங்கோ. தலைமயிரே காயுது, இது காயாதே?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. தலைமயிர் காயவைக்கிற கூடையைத் தணல் சட்டி மேல் கவிழ்த்து, அதன் மேல் எல்லாவற்றையும் பரப்பினோம். குழந்தை ஒரு கையில் உறங்க, மற்றக் கையால் அந்த அம்மா இன்னும் ஒரு பிடி சாம்பிராணி போட்டார். வெளியே வெள்ளம் மஞ்சள் வெயிலில் அசையாமல் கிடந்தது. நாங்கள் எதற்காகப் புறப்பட்டோம் என்பதே எனக்கு மறந்துபோனது.

எல்லாம் நன்றாகக் காய்ந்து, பூசைச் சாமான் போல மணத்தன. திருப்பிப் பூட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினால் எஞ்சின் முனகியதே தவிர எடுக்கவில்லை. எடுக்காதே, எடுக்காதே என்று என் மனம் சொன்னது. தங்கை இறங்கி வந்து மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டாள்.

"அக்கா, இதுக்குள்ள ஒரே கரி! புகை பிடிச்சிருக்கு. கரண்ட் எப்பிடிப் போகும்?"

கப்பலில் உடுக்கவென்று வாங்கிய புது நைலெக்ஸ் சேலை. அதன் தலைப்பை இழுத்து, மூடியின் உள்ளே மூலை மூலையாக அழுத்தித் துடைத்தாள்.

"சேலையடி!" என்று கத்தினேன்.

"லண்டனில போய்த் தோய்க்கிறன். இப்ப ஸ்டார்ட்டரை அமத்துங்கோ."

எஞ்சின் உறுமி எடுத்தது. அவள் ரோட்டில் நின்று கைகொட்டிச் சிரித்தாள். வாரக்கணக்காக நான் காணாத சிரிப்பு. போகப்போகிற சந்தோஷத்தை எனக்காகத்தான் அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்திருக்கிறாள்.

"கெதியா விடுங்கோ அக்கா, ரயில் போயிடும்."

ஈர எஞ்சின், காலை எடுத்தால் நின்றுவிடும். ஸ்டேஷன் வாசலுக்குப் போகும்வரை அக்சிலேட்டரை மிதித்தபடியே இருந்தேன். ரயில் இன்னும் போகாமல் நின்றது. நான் கதவைத் திறக்கப் போனேன். முந்தியே இறங்கிவிட்ட அவள் வெளியே நின்று அதைச் சாத்தினாள்.

"நீங்கள் இறங்காதேங்கோ. எஞ்சின் நிண்டால் தனிய எப்பிடித் திரும்பிப் போவீங்கள்?"

யன்னலால் குனிந்து என் கன்னத்தைக் கரிக்கையால் தொட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். நான் காலை எடுக்காமல் இருந்தேன். எஞ்சின் இரைச்சலில் ரயில் கூவியதுகூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. ரயில் பெட்டிகள் நகர்வதைக் கண்ட பிறகுதான் காலை எடுத்தேன்.